பொங்கற் பானையும் பரங்கிக்காயும்

தைத் திங்கள் முதல் நாளில் நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பொங்கலோடு படைக்கும் குழம்பிலும் கூட்டிலும் ‘நாட்டுக் காய்’களே இடம்பெறும். அவரை, மொச்சை, வாழை, சேனை, கத்தரி, பரங்கி, சர்க்கரைவள்ளி ஆகியவை வரலாம். முட்டைக்கோசும் காரட்டும் உருளைக்கிழங்கும் வரலாகா. “இன்றைக்கு இங்கிலீஷ் காயைத் தொடாதே, அம்மா” என்று மாமியார் மருமகளை எச்சரிப்பதை இன்றும் பல வீடுகளில் கேட்கலாம். இவ்வழக்கம் இனியது, அதனைக் குறை கூற நான் முற்படவில்லை. ஆயினும், நாட்டுக் காய் என்கிறோமே, அது எந்த நாட்டுக் காய் என்ற வினாவைப் பள்ளிப் பிள்ளை ஒருவன் கேட்டுவிட்டால், ஆசிரியர்கள் சற்றுத் திணறித்தான் போவோம்.

விடை காண்பதற்கு நல்ல சான்று ஒன்று தஞ்சையில் இருக்கிறது. கி.பி. 1010-இல் முற்றுப்பெற்ற இராசராசேச்சரத்தின் கல்வெட்டுகள், திருமேனிகளுக்கு அமுது படைப்பதற்கு வேண்டிய பொருள்களை அளவோடு குறிக்கின்றன. அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம், புளி, உப்பு, சர்க்கரை, வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு என்று அப்பட்டியல் செல்கிறது. கணக்கெழுதுவதில் சோழர் எவ்வளவு கண்டிப்பானவர் என்பதை யாவரும் அறிவோம். அத்தகையவர் கணக்கில் மிளகாய் இல்லை. முந்திரிப் பருப்பு இல்லை. இருக்கவும் இயலாது, அவை அன்று அமெரிக்கக் கண்டத்தை விட்டு வெளியே வரவே இல்லை.

1492-இல் கொலம்பசு மேற்குக் கடலைக் கடந்தார். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். இருவரும் தேடிப் புறப்பட்ட பொருள்களுள் முதன்மையானது நம் மேற்கு மலையில் விளையும் மிளகு. மிளகைத் தேடி வந்தவர்கள் மிளகாயைத் தந்து சென்றார்கள்! இதைவிட வேடிக்கையான பண்டமாற்று வரலாற்றில் மிகுதியாக இல்லை. மிளகாயைத் தொடர்ந்து முந்திரி பிரேசிலிலிருந்து வந்தது. சர்க்கரைவள்ளியும் மஞ்சட் பூசணியும் அக்கண்டத்தினவே. இன்று சர்க்கரைப் பொங்கலில் நெய்யில் வறுத்த முந்திரி இல்லாவிட்டால் பிள்ளைகள் முகம் சுளிக்கின்றனர். இராசராசன் உண்ட அக்காரவடிசிலில் அது கிடையாது என்று சொன்னால் அவர்கள் நம்புவார்களா?

வந்த பயிர்களை நம் உழவர்கள் வரவேற்ற முறை சிந்திக்கத்தக்கது. மிளகுபோல் உறைக்கும் காய்க்கு மிளகாய் என்று பெயரிட்டனர். நம் காட்டு வள்ளிக்கிழங்கை ஒத்து இனிக்கும் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்றனர். மண்ணுக்குள் காய்க்கும் கடலையை நிலக்கடலை, வேர்க்கடலை என்றனர். சில ஊர்களில் மட்டும் மணிலாக்கொட்டை என்னும் பெயர் அது வந்த வழியைக் காட்டி நிற்கிறது. புதியவரை வீட்டுக்குள் அழைத்து உறவுமுறை வைத்துக் கூப்பிடுவதைப் போன்ற செயல் இது. மறைமலை அடிகளார் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியது 1916-இல். அவர் பெயர் தாங்கிய நம் நகரத்தின் சுற்றுப்புறத்து உழவர்கள், அதற்கு முந்நூறு ஆண்டுகட்கு முன்பே, எந்தச் சங்கமும் கூட்டாமல், புதுப் பொருள்களுக்குப் பழஞ்சொற்களைக் கொண்டு பெயரிட்டு வந்திருக்கின்றனர்.

ஒன்று மட்டும் தப்பிவிட்டது. தெற்கே மஞ்சட் பூசணி என்று உறவாக்கிக்கொண்ட காயை, நம் தொண்டை மண்டலத்தில் பரங்கிக்காய் என்றே வழங்குகிறோம். ஐரோப்பியரில் ஓர் இனத்தாரான பிராங்குகளின் பெயரை அரபியரும் பாரசீகரும் ஐரோப்பியர் அனைவருக்கும் பொதுப்பெயராக்கினர். அச்சொல் தமிழில் பரங்கி ஆயிற்று. மறைமலை நகரில் மின்சார இரயில் ஏறிச் சென்னைக்குச் செல்வோர் வழியில் பரங்கிமலை நிலையத்தைக் கடக்கின்றனர். போர்ச்சுக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் மாதா கோயில் எழுப்பிய குன்று அது. அந்தக் குன்றின் பெயரும் நம் கூட்டில் வேகும் காயின் பெயரும் ஒன்றே. மலையாளத்தில் முந்திரி மரத்தைப் பறங்கிமாவு என்பர். அங்கே பட்டம் வேறொன்றுக்குப் போயிற்று, அவ்வளவே. பெயரிலேயே அயலான் என்று முத்திரை குத்தப்பட்ட இக்காய்தான், தை முதல் நாளில் தவறாது அடுப்பேறுகிறது! மார்கழி முப்பது நாளும் வாயிற் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகப்படும் மஞ்சட் பூவும் பல தெருக்களில் பரங்கிப் பூவே.

வந்தேறிகளைக் கழித்துவிட்டு எஞ்சுவன மட்டுமே நம்முடையவை என்று சிலர் வாதிடக்கூடும். கழித்துப் பார்ப்போம். வாயிலின் இருபுறமும் நிற்கும் கரும்பின் தாயகம் நியூகினித் தீவு என்பது பயிரறிஞர் முடிவு. நம் முன்னோர்க்கும் இது முற்றிலும் புதிய செய்தியன்று. அதியமானின் முன்னோரே கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். கொண்டுவரப்பட்டது என்பதை மறைக்காமல், அதனையே ஒரு குடியின் பெருமையாகப் பாடிய துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். நெல்லோ நெடுங்காலத் தோழன். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழியொன்றில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் தெரிந்து, 2021-இல் அறிவிக்கப்பட்டது. பொங்கற் பானையில் அரிசியும் பாசிப்பருப்பும் பழங்குடிகள். வெல்லம் அடுத்து வந்தது. முந்திரி நேற்று வந்தது.

பழைய அடுப்படியை மாறாமல் காண விரும்புவோர்க்கு ஆண்டில் வேறொரு நாள் இருக்கிறது. அது மறைந்த முன்னோரின் திதி. அன்று பல வீடுகளில் மிளகாய்க்கு மாற்றாக மிளகே காரம் தரும். தக்காளியும் உருளைக்கிழங்கும் அண்டா. வாழைக்காயும் பாகற்காயும் பிரண்டையும் இலையை நிரப்பும். பாட்டனுக்குப் பாட்டன் உண்ட சுவையையே அவர்க்குப் படைக்கிறோம் போலும். இறந்தோர் நாளில் பூட்டிய கதவு, அறுவடை நாளில் திறந்திருக்கிறது.

அப்படியாயின் முட்டைக்கோசு என்ன குற்றம் செய்தது? காரட்டின் தாயகம் ஆப்கானித்தானத்தை ஒட்டிய நடு ஆசியா. பிரேசிலைவிட நமக்கு எவ்வளவோ அண்மையில் உள்ளது. தொலைவு காரணமன்று. பரங்கியும் வள்ளியும் உழவர் கொல்லையில் நுழைந்து, ஏழைக் குடிசையின் கூரைமேல் படர்ந்து, பஞ்ச காலத்தில் வயிற்றை நிரப்பின. காரட்டும் கோசும் 1820-களில் நீலகிரியில் சல்லிவன் முதலிய ஆங்கில அதிகாரிகளின் தோட்டங்களில் துரைமார் மேசைக்காக வளர்ந்து, பின்னர்ச் சந்தை வழியாக நம்மிடம் வந்தவை. கொல்லையில் விளைந்தது நாட்டுக் காய். மலையிலிருந்து கூடையில் இறங்கியது இங்கிலீஷ் காய். பாட்டிமார் வகுத்த எல்லைக்கோடு இதுவே என்பது என் கருத்து.

அந்தக் கொல்லைகள் இன்று நம் பகுதியில் அருகிவிட்டன. ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த செங்கற்பட்டுச் சீமையில், ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிற்கின்றன. பொங்கலுக்குப் பரங்கிக் கீற்று வாங்க நாம் சந்தைக்குத்தான் செல்கிறோம். அதே தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வடபுலத்து இளைஞர்கள் நம் தெருக்களில் குடியிருக்கின்றனர். ஞாயிறு மகரத்தில் புகும் அதே நாள் அவர்களுக்கும் திருநாள். பீகாரிலிருந்து வந்தோர் அவலும் தயிரும் எள்ளுருண்டையும் உண்பர். வங்காளத்தார் அந்நாளைப் பௌஷ சங்கராந்தி என்பர். தேங்காய்ப் பூரணம் வைத்து ‘புலி’ என்றொரு பலகாரம் செய்வர். அதன் மேல்மாவை அரிசியில் செய்வதும் உண்டு. வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்வதும் உண்டு.