பனிப்பாதையில் அச்சமும் மானமும்

வன்னியிலே பனி என்றால், மார்கழி விடியலில் நெற்பயிர்மீது படிந்து, வெயில் ஏற மறைந்துபோவது. குளிர்நாடுகளிலோ நீர் பாறைபோல் உறைந்துவிட, அதன்மீது மனிதர் பந்தயம் விடுகின்றனர். அப்பந்தயங்களுள் லூஜ் என்பது ஒன்று. சிறு சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து, கால்கள் முன்னே நீள, வளைந்திறங்கும் பனிக்கட்டித் தடத்திலே மணிக்கு 130 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் விரைவர். பிறேக் கிடையாது, கெண்டைக்காலின் அழுத்தமும் தோளின் சாய்வுமே சுக்கான். ஆதலால் அச்சம் இங்கு மனத்தோடு நின்றுவிடுவதில்லை. தோள் விறைத்தால் வண்டி தடுமாறும். வழி பார்க்கத் தலையை உயர்த்தினாலோ காற்று மறித்து வேகம் குறையும். வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கும் கணக்கெடுக்கப்படும் போட்டி இது.

இமயமலைச் சாரலில், மணாலியை அடுத்து வளர்ந்தவர் சிவா கேசவன். தந்தை கேரளத்தவர், தாய் இத்தாலியர். 1998இல் யப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில், பதினாறே வயதில், இந்தியாவின் சார்பில் தனியொருவராய் நின்றார். ஊரிலே பனிக்கட்டித் தடம் இல்லாமையால், வண்டிக்குச் சில்லுகள் பூட்டி, மலைவீதியில் வாகனங்களுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே பழகியவர் அவர்.

2010 பெப்ரவரி 12. கனடாவின் வன்கூவரில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கும் நாள். பயிற்சியின்போது ஜோர்ஜிய நாட்டு நோடார் குமாரிதாஷ்விலி என்ற 21 வயது இளைஞர் தடத்தினின்றும் தூக்கியெறியப்பட்டு, உருக்குத் தூணில் மோதி உயிர்நீத்தார். அன்றிரவு அவர் நாட்டு அணியினர் கறுப்புப் பட்டியணிந்து நடந்தனர். மறுநாளே போட்டி! ஆண்கள் புறப்படும் இடம் கீழே இறக்கப்பட்டது. விபத்து நிகழ்ந்த வளைவின் மதில் உயர்த்தப்பட்டது. மனங்களுக்கு மதில் எழுப்புவார் யார்? மற்றொரு ஜோர்ஜிய வீரர் விலகிக்கொண்டார். அதனைக் கோழைமை என்று எவரும் கூறத் துணியார். கேசவன் அதே வளைவினூடு சென்று 29ஆம் இடத்தைப் பெற்றார். தங்கம் வென்ற ஜேர்மனியர் பீலிக்ஸ் லோக், இறந்தவரினும் இளையவர்.

2014இல் ரஷ்யாவின் சோச்சி நகரிலே வேறொரு சோதனை. இந்திய ஒலிம்பிக் சங்கம் 2012 முதல் இடைநிறுத்தப்பட்டிருந்தமையால், கேசவன் தம் நாட்டுக் கொடியின்றி, ஒலிம்பிக் கொடியின் கீழே அணிவகுக்க நேர்ந்தது. பனிக்கு அஞ்சாத நெஞ்சையும் இது வருத்தாதிருக்குமா? பெப்ரவரி 9இல் அவருடைய போட்டி முடிந்தது. 11இல் தடை நீங்கியது. இரண்டே நாட்கள்!

நான்கு ஆண்டுகளின் பின், 2018இல் தென்கொரியாவின் பியொங்சாங்கிலே, இந்தியக் கொடியை ஏந்தி அணியின் முன்னே நடந்தவர் கேசவனே. அது அவருடைய ஆறாவது ஒலிம்பிக், இறுதியானதும் அதுவே.