பத்து வயது மன்னரும் ஊரிகத்துக்கு வந்த மின்சாரமும்

1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திரம் மின்நிலையத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் பாயத் தொடங்கியது. தொலைவு 92 மைல். ஊரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களின் வரலாற்றில் அது திருப்புமுனை. ‘ஆசியாவிலேயே முதலில் மின்சாரம் வந்த ஊர்’ என்று தங்கவயலைப் பற்றிச் சொல்லும் வழக்கம் உண்டு. அது சரியன்று; கியோத்தோவில் 1891இலேயே நீர்மின்நிலையம் இயங்கியது, டார்ஜிலிங்கில் 1897இல். ஆனால் இதைவிட ஆழமாக வேரூன்றிய பிழை வேறொன்று. அந்த மின்சாரம் ஒன்று திவான் சேஷாத்ரி ஐயரின் கொடை எனப்படுகிறது, அல்லது நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சிச் சாதனை எனப்படுகிறது. அன்றைய தேதியில் கிருஷ்ணராஜருக்குப் பதினெட்டு வயது நிறைந்து 26 நாள்களே ஆகியிருந்தன. ஆட்சி அவர் கைக்கு வரவே இல்லை. சேஷாத்ரி ஐயர் முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

அப்படியானால் அரியணையில் யார்?

1894 டிசம்பரில் பத்தாம் சாமராஜேந்திர உடையார் கல்கத்தா சென்றிருந்தார். அங்கே தொண்டை அடைப்பான் நோய் கண்டு, 28ஆம் நாள் இறந்தார். வயது 31. மூத்த மகன் கிருஷ்ணராஜருக்கு அப்போது பத்து. இளையவர் கண்டீரவ நரசிம்மராஜருக்கு ஆறு. மூன்று பெண்மக்கள் வேறு. 1895 பிப்ரவரி 1 அன்று சிறுவனுக்கு முடிசூட்டப்பட்டது. ஆட்சிப் பொறுப்பு 28 வயதில் கைம்பெண்ணாகிவிட்ட தாயிடம் வந்தது.

அவருடைய இயற்பெயர் கெம்பநஞ்சம்மணி. களலே குடும்பத்துப் பெண். ஆவணங்களில் இப்பெயரைவிட ‘வாணி விலாச சந்நிதானம்’ என்ற பட்டமே மிகுதியாகக் காணப்படும். ‘சந்நிதானம்’ என்பது ஆளைக் குறிக்கும் சொல்லன்று. இடத்தை, திருமுன்பைக் குறிப்பது. அரசியின் பெயரைச் சொல்லாமல் அவர் அமர்ந்த இடத்தைச் சுட்டும் மரியாதை வழக்கு இது. மரியாதைதான், ஆனால் அந்த மரியாதையே ஆளை மறைக்கவும் செய்தது என்று கருத இடமுண்டு.

உடையார் மரபில் குழந்தை மன்னர் புதியவரல்லர். 1799இல் திப்பு வீழ்ந்தபின் மூன்றாம் கிருஷ்ணராஜர் ஐந்து வயதில் அமர்த்தப்பட்டார். அவருடைய தத்துப்பிள்ளை சாமராஜேந்திரர் 1868இல் அமர்த்தப்பட்டபோதும் ஏறத்தாழ அதே வயது. அடுத்தவர் பத்து வயதுக்காரர். ஆக, மூன்று தலைமுறையாக அரியணை ஏறியவர்கள் அனைவரும் சிறுவர்களே.

உரோம வரலாற்றில் இதற்கு நெருங்கிய இணை செவெரஸ் அலெக்சாந்தர். கி.பி. 222இல் பதின்மூன்று வயதில் பேரரசனானான். அரசை நடத்தியவர்கள் பாட்டி யூலியா மேசாவும் தாய் யூலியா மாமியாவும். பேரரசனுக்கும் படைமுகாம்களுக்கும் செனட் அவைக்கும் நாட்டுக்கும் தாய் என்று கல்வெட்டுகள் மாமியாவைப் போற்றின. மகன் வளர்ந்தபின்னும் தாய் விலகவில்லை. 235இல் ரைன் நதிக்கரை முகாமில் படைவீரர்கள் இருவரையும் சேர்த்தே கொன்றனர். மைசூரில் விலகும் நாள் முன்கூட்டியே தெரிந்திருந்தது. காரணம் தாயின் பெருந்தன்மை மட்டுமன்று. எல்லாவற்றுக்கும் மேலே பிரிட்டிஷ் ரெசிடெண்ட் அமர்ந்திருந்தார். மகனின் கல்வியைக் கவனித்தவரும் ஸ்டூவர்ட் ஃபிரேசர் என்ற ஆங்கிலேய அதிகாரியே.

அந்த ஏழாண்டுகள் எளிதானவை அல்ல. 1897இல் மூத்த மகள் ஜெயலட்சம்மணிக்கும் தாய்மாமன் காந்தராஜ அரசுக்கும் திருமணம் நடந்தபோது பழைய அரண்மனை தீப்பற்றி எரிந்தது. அடுத்த ஆண்டு பிளேக் வந்தது. இவற்றுக்கிடையேதான் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம் உருவாயிற்று. நிலக்கரியையும் விறகையும் எரித்து நீராவியில் இயங்கிவந்த சுரங்கங்களுக்கு எரிபொருள் பெருஞ்செலவு. அரசுக்கோ தங்கத்தில் உரிமைத்தொகை உண்டு. ஆகவே இருதரப்புக்கும் ஆதாயம். பொறியாளர் ஜோலி டி லோட்பினியர் மேலைநாடுகளுக்குச் சென்று ஆராய்ந்து வந்தார். மின்னாக்கிகள் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திடமிருந்து வந்தன. திட்டத்துக்காக வாதாடிய சேஷாத்ரி ஐயரின் பங்கைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஆனால் பணி பாதியில் இருக்கும்போதே அவர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றார். 1901 செப்டம்பரில் மறைந்தார். பி. என். கிருஷ்ணமூர்த்தி திவானானார். மைசூர் அரசின் தலைமையில் தொடக்கம் முதல் இறுதிவரை மாறாமல் இருந்தவர் வாணி விலாசர் ஒருவரே.

மின்சாரம் பாய்ந்த 39ஆம் நாள், 1902 ஆகஸ்ட் 8இல், கர்சன் பிரபு மைசூருக்கு வந்து கிருஷ்ணராஜரிடம் முழு அதிகாரத்தை ஒப்படைத்தார். இந்த 39 நாள் இடைவெளியைப் பிற்கால எழுத்துகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மகனின் நெடிய, புகழ்மிக்க ஆட்சி தாயின் ஏழாண்டுகளையும் தன்னுள் இழுத்துக்கொண்டது.

ஊர்ப்பெயர்களைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். தங்கவயலில் அக்காலத்தில் எழுந்த நகரம் ரெசிடெண்ட் டொனால்ட் ராபர்ட்சன் பெயரால் ராபர்ட்சன்பேட்டை ஆயிற்று. வாணி விலாசரின் பெயரையோ தேடிச் சித்திரதுர்க்க மாவட்டம்வரை செல்லவேண்டும்: அவர் காலத்தில் வேதவதி ஆற்றின் குறுக்கே தொடங்கிய அணை வாணி விலாச சாகரம். அதிலும் இருப்பது பட்டமே, பெயரன்று.

பொறுப்பை ஒப்படைத்தபின் அவர் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். தம்பி காந்தராஜ அரசு திவானானதைக் கண்டார். 1934இல் மறைந்தார். கிருஷ்ணராஜருக்கு மக்கட்பேறு இல்லை. 1940இல் அவர் இறந்தபோது அரியணை தம்பி மகன் ஜெயசாமராஜருக்குச் சென்றது. அவருக்கு வயது 21. நூற்றைம்பது ஆண்டுகளில் பதவிக்காலப் பொறுப்பாளர் தேவைப்படாமல் மைசூர் அரியணை ஏறிய முதல் உடையார் அவரே. கடைசி மன்னரும் அவரே.