மரத்தடியில் படித்த கொரானா



போன கிழமை தரம் 11க்கு டி.என்.ஏ பாடம். பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள், "சேர், இதைக் கண்டுபிடிச்சவங்க எல்லாரும் வெள்ளைக்காரங்கதானே?" மணி அடித்துவிட்டது. வகுப்பில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஹர் கோபிந்த் கொரானா பிறந்தது பிரிக்கப்படாத பஞ்சாபின் ராய்ப்பூர் என்ற சிற்றூரில். இன்று அது பாகிஸ்தான். பிறந்த திகதி சரியாகத் தெரியாது, பத்திரத்தில் இருப்பது 1922 ஜனவரி 9. (நம்ம லயத்துப் பெரியவர்களின் அடையாள அட்டையும் பல நேரம் இப்படித்தான்!) அப்பா பட்வாரி, அரசுக்குக் காணி வரிக் கணக்கு எழுதுபவர். சுமார் 100 பேர் இருந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமாக அது ஒன்றுதான். ஐந்து பிள்ளைகளில் இவர் கடைசி. முதல் நான்கு வருடப் படிப்பு மரத்தடியில்.

பிறகு முல்தானில் உயர்நிலைப் பள்ளி. அங்கே படிப்பித்த ரத்தன் லால் என்ற ஆசிரியரின் பெயர் கொரானாவின் நோபல் வாழ்க்கைக் குறிப்பிலேயே இருக்கிறது. அந்த வரியை வாசித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

லாகூரில் பட்டம், 1945இல் புலமைப்பரிசிலில் லிவர்பூல், 1948இல் கலாநிதிப் பட்டம். 1949இல் இந்தியா திரும்பினார், வேலை கிடைக்கவில்லை. பிறந்த ஊரோ எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மறுபடி கேம்பிரிட்ஜ், பிறகு கனடா, 1960இல் அமெரிக்காவின் விஸ்கான்சின்.

டி.என்.ஏயில் இருப்பது நான்கே எழுத்துகள். புரதம் செய்யத் தேவையான அமினோ அமிலங்களோ 20. நான்கு எழுத்தால் எப்படி இருபதைச் சொல்வது? கொரானா இரண்டு எழுத்துகளை மட்டும் மாறி மாறிக் கோர்த்த சங்கிலிகளைத் தானே செய்தார். ஆர்.என்.ஏ மொழியில் யூ, சீ, யூ, சீ என்று. இரண்டு இரண்டாக வாசித்தால் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வரும். மூன்று மூன்றாக வாசித்தால் யூசீயூ, சீயூசீ என்று இரண்டு சொற்கள் மாறி மாறி வரும். கிடைத்த புரதச் சங்கிலியில் செரின், லியூசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மாறி மாறி இருந்தன! மூன்றெழுத்துச் சொல் என்பதற்கு இது பலமான சான்று. நம்பாதவர்கள் முற்றத்தில் பிள்ளைகளை ஆண், பெண் என்று மாறி மாறி நிறுத்தி எண்ணிப் பாருங்கள். நான் அப்படித்தான் படிப்பித்தேன், ஒரே கூத்து.

1968இல் நிரென்பர்க், ஹோலி ஆகியோருடன் நோபல் பரிசு. 1970இல் 77 எழுத்துச் சோடிகள் கொண்ட ஒரு பரம்பரையலகை முழுக்க ஆய்வுகூடத்திலேயே செய்து காட்டினார். 1976இல் அவர் குழு செய்த இன்னொன்று பக்டீரியாவுக்குள் போய் வேலையும் செய்தது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு பிசிஆர் எடுத்தார்களே, அதன் அடிப்படை யோசனையும் 1971இலேயே இவருடைய ஆய்வுகூடத்துக் கட்டுரையொன்றில் வந்துவிட்டது. 2011 நவம்பர் 9இல் காலமானார்.

கேள்வி கேட்ட பிள்ளைக்குக் கணக்கும் விஞ்ஞானமும் நன்றாக வரும். உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுக்க ஹட்டன் டவுனுக்குப் போகவேண்டும். பஸ் காசை நினைத்து, சாதாரண தரத்தோடு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சாம். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பாவைப் பார்க்க லயத்துக்குப் போகிறேன்.