பொதுத்துறை ஊழியர்களும் கன்சர்வேட்டிவ் வாக்கும் (பிரிட்டன்)

அரசுச் செலவைக் குறைப்பதையும் வரியைக் குறைப்பதையும் கொள்கையாகக் கொண்ட கட்சிக்கு, அந்த அரசிடமே சம்பளம் வாங்குவோர் வாக்களிக்கும் போக்கு பிரிட்டனில் நெடுங்காலமாக உண்டு. பொதுத்துறை ஊழியர்களிடையே தொழிலாளர் கட்சிக்கான ஆதரவு, தனியார் துறையினரிடையே உள்ளதைவிடப் பொதுவாகக் கூடுதல். ஆயினும் ஆசிரியர், செவிலியர், காவலர், எழுத்தர் என ஒவ்வொரு பிரிவிலும் கணிசமானோர் கன்சர்வேட்டிவ் கட்சியை ஆதரித்து வந்திருக்கிறார்கள். ‘தங்கள் வயிற்றில் தாங்களே அடித்துக்கொள்கிறார்கள்’ என்று இவர்களைப் பழிப்பது எளிது. தொழில், வீடு, சங்கம், ஊர் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வாக்கின் நியாயம் விளங்கும்.

சொல்லும் எல்லையும்

தமிழில் ‘பொதுத்துறை’ என்றதும் வங்கி, காப்பீடு, சுரங்கம், மின் நிறுவனம் போன்றவையே நினைவுக்கு வரும். பிரிட்டனில் இச்சொல்லின் பரப்பு பெரிது. மத்திய அரசு அலுவலகங்கள், உள்ளாட்சிகள், அரசுப் பள்ளிகள், காவல்துறை, தீயணைப்பு, 1948இல் தொடங்கிய தேசிய சுகாதார சேவை எல்லாம் இதில் அடங்கும். நிலக்கரி, ரயில், எரிவாயு, தொலைபேசி ஆகியவையும் அரசுடைமையாக இருந்த 1979இல், வேலை செய்வோரில் நான்கில் ஒருவருக்கு மேல் பொதுத்துறையில் இருந்தனர். தனியார்மயத்துக்குப் பின் இது ஏறத்தாழ ஆறில் ஒருவர் என்ற அளவுக்குச் சுருங்கியது.

மருத்துவமனையைக் கூட்டிப் பெருக்குபவரும் அதே மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவரும் ஒரே முதலாளியிடம் வேலை பார்க்கிறார்கள். ஆனால் அவர்களுடைய வருமானம், வீடு, வரி, பிள்ளைகளின் பள்ளி எதுவும் ஒன்றல்ல. ‘பொதுத்துறை வாக்கு’ என்ற ஒற்றைப் பெயரின் கீழ் பல வாழ்க்கைகள் இருக்கின்றன.

1979: ஒரு திருப்பம்

ஜேம்ஸ் கலகனின் தொழிலாளர் கட்சி அரசு, விலைவாசியைக் கட்டுப்படுத்த 1978இல் ஊதிய உயர்வுக்கு 5 சதவீத வரம்பு விதித்தது. அதற்கு எதிராக அந்தக் குளிர்காலத்தில் எழுந்த வேலைநிறுத்தங்கள் 1979 ஜனவரி 22 அன்று உச்சம் தொட்டன. அன்று மட்டும் ஏறத்தாழ 15 லட்சம் பொதுத்துறை ஊழியர்கள் வேலைக்குச் செல்லவில்லை. லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் குப்பை மலையாகக் குவிந்தது. லிவர்பூலில் கல்லறைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியதால் இறந்தோரின் உடல்கள் அடக்கத்துக்குக் காத்துக் கிடந்தன.

இந்த வேலைநிறுத்தங்களைப் பொதுத்துறையினர் எல்லோரும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. ஊதியத்துக்காகத் தெருவில் நின்றவர் ஒருவர். மூடிய பள்ளியிலிருந்து பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் சென்றவரும், அள்ளாத குப்பையைத் தாண்டி வேலைக்குப் போனவரும் அதே பொதுத்துறையைச் சேர்ந்த வேறொருவர்.

கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சர் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார். பொதுத்துறை ஊதியத்தைத் தனியாருடன் ஒப்பிட்டுப் பரிந்துரைக்க, கலகன் அரசு பேராசிரியர் ஹியூ கிளெக் தலைமையில் ஒரு குழுவை அமைத்திருந்தது. அதன் பரிந்துரைகளை ஏற்பதாகத் தாட்சர் தேர்தல் பிரசாரத்தின்போதே வாக்களித்தார். கன்சர்வேட்டிவ் கட்சி வென்றால் சம்பளத்தில் கை வைக்கும் என்ற அச்சம் அதனால் தணிந்தது. மே 3 தேர்தலில் 43.9 சதவீத வாக்கும் 339 இடங்களும் அக்கட்சிக்குக் கிடைத்தன.

காரணங்கள்

பணியின் தன்மை: காவல்துறையினரிடம் இது தெளிவாகத் தெரியும். 1918, 1919 ஆகிய ஆண்டுகளின் காவலர் வேலைநிறுத்தங்களுக்குப் பின் வந்த 1919ஆம் ஆண்டுக் காவல் சட்டம், தொழிற்சங்கத்தில் சேரும் உரிமையை அவர்களிடமிருந்து பறித்தது. அதற்கு மாற்றாகக் காவலர் கூட்டமைப்பு உருவானது. 1978இல் எட்மண்ட் டேவிஸ் குழு காவலர்களுக்குப் பெரும் ஊதிய உயர்வைப் பரிந்துரைத்தபோது, தொழிலாளர் கட்சி அரசு அதை இரண்டு தவணைகளில் தருவதாகச் சொன்னது. கன்சர்வேட்டிவ் கட்சி ஒரே தவணையில் தருவதாகச் சொன்னது. ஆட்சிக்கு வந்த சில நாள்களிலேயே தரவும் செய்தது. ஒழுங்கைக் காப்பதே தொழிலாக உள்ளவருக்கு, ஒழுங்கைப் பேசும் கட்சி தன் கட்சியாகத் தெரிவது இயல்பு. சம்பளமும் அதே பக்கம் நின்றபோது அந்த உறவு இறுகியது.

வீடும் சொத்தும்: 1980ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், உள்ளாட்சியின் வாடகை வீட்டில் மூன்றாண்டு குடியிருந்தவர் அதை வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தந்தது. விலையில் 33 சதவீதத்தில் தொடங்கிய தள்ளுபடி, குடியிருந்த காலத்துக்கு ஏற்ப 50 சதவீதம் வரை உயர்ந்தது. பத்தாண்டுகளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கைமாறின. வாங்கியவர்களில் பேருந்து ஓட்டுநர், மருத்துவமனைப் பணியாளர், உள்ளாட்சி ஊழியர் போன்றோரும் இருந்தனர். மாதச் சம்பளம் அரசிடமிருந்து வந்தாலும் வாசற்கதவுச் சாவி இப்போது அவர்களுடையது. வட்டி, வரி, வீட்டு மதிப்பு ஆகியவற்றைப் பற்றி அவர்கள் சொந்தக்காரராக யோசிக்கத் தொடங்கினர்.

சங்கமும் கட்சியும்: பிரிட்டனில் தொழிலாளர் கட்சியைப் பெற்றெடுத்தவை தொழிற்சங்கங்களே. ஆனால் பொதுத்துறையின் பெரிய அமைப்புகள் பலவும் அந்தக் கட்சியுடன் இணைந்தவை அல்ல. ஆசிரியர் சங்கங்கள், செவிலியர்களின் சங்கமான ராயல் செவிலியர் கல்லூரி, காவலர் கூட்டமைப்பு ஆகியவை கட்சி சாராதவை. மூன்று சங்கங்கள் ஒன்றுசேர்ந்து 1993இல் யூனிசன் உருவானபோது இரண்டு அரசியல் நிதிகளை வைக்க வேண்டியிருந்தது. ஒன்று கட்சிக்குச் செல்லும். மற்றொன்று பொதுப் பரப்புரைக்கு மட்டும். இணைந்த மூன்றில் ஒன்றான உள்ளாட்சி அலுவலர் சங்கம் அதுவரை கட்சியில் சேராததே இதற்குக் காரணம். சங்கச் சந்தா கட்டுபவர் எல்லோரும் சங்கத்தின் வாக்கைக் கட்டிக்கொள்வதில்லை என்பதற்கு அந்த இரட்டை நிதியே சாட்சி.

வேலையிடத்து அனுபவம்: அரசை உள்ளிருந்து பார்ப்பவர்கள் இவர்கள். வார்டில் மருந்து இல்லாமல் அல்லாடும் செவிலியர் ‘இன்னும் பணம் வேண்டும்’ என்று நினைக்கலாம். அதே வார்டில் அடுத்த செவிலியர், படிவங்கள் பெருகுவதையும் நிர்வாக அடுக்குகள் கூடுவதையும் கண்டு, ‘இருக்கும் பணமே வீணாகிறது’ என்று முடிவுக்கு வரலாம். அனுபவம் ஒன்றுதான், அதிலிருந்து எடுக்கும் பாடம் இரண்டு. இரண்டாவது பாடத்தை எடுத்தவரைப் பொதுச்சேவையின் எதிரி என்று சொல்ல முடியாது. அதைக் காக்கும் அக்கறையே அவரை அந்தப் பக்கம் தள்ளியிருக்கலாம்.

ஊரும் அடையாளமும்: 2016ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்புக்குப் பின் வயது, கல்வி, ஊர் ஆகியவை வாக்கைத் தீர்மானிப்பதில் மேலும் வலுப்பெற்றன. 2019 டிசம்பர் தேர்தலில், நெடுங்காலம் தொழிலாளர் கட்சியின் கோட்டைகளாக இருந்த வடக்குத் தொகுதிகள் பல வீழ்ந்தன. அன்றிரவு முதலில் அதிர்ச்சி தந்தது நிலக்கரிப் பகுதியான பிளைத் வேலி. அங்கே 712 வாக்கு வேறுபாட்டில் வென்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர் இயன் லெவி, தேசிய சுகாதார சேவையின் மனநலப் பிரிவில் நீண்ட காலம் செவிலி உதவியாளராக வேலை பார்த்தவர். அந்தத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் பிரதமர் போரிஸ் ஜான்சன் தந்த வாக்குறுதிகளும் கவனிக்கத்தக்கவை: கூடுதலாக 50,000 செவிலியர், 20,000 காவலர், 40 புதிய மருத்துவமனைகள். செலவைக் குறைக்கும் கட்சி, செலவு செய்யும் கட்சியாகத் தன்னைக் காட்டிக்கொண்டதால் பொதுத்துறை ஊழியரின் தயக்கம் குறைந்தது.

ஆதரவின் எல்லை

இந்த ஆதரவு நிபந்தனையற்றது அல்ல. 1970களின் இறுதியில் ஆசிரியர்களிடையே வலுவாக இருந்த கன்சர்வேட்டிவ் ஆதரவு, 1980களின் நீண்ட ஊதியப் போராட்டத்துக்குப் பின் சரிந்தது. 2010க்குப் பின் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 21,000 பவுண்டுக்கு மேல் வாங்குவோரின் ஊதியத்தை ஈராண்டுகள் முடக்கினார். அதன் பின் உயர்வு 1 சதவீதத்துக்குள் அடக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வூதியக் கணக்கைக் கடைசிச் சம்பளத்திலிருந்து பணிக்காலச் சராசரிக்கு மாற்றியது. காவலர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 குறைந்தது. 2012இல் காவலர் கூட்டமைப்பின் மாநாட்டுக்குச் சென்ற உள்துறை அமைச்சர் தெரசா மே கூச்சலுக்கு ஆளானார். 1979இல் இறுகிய உறவு அங்கே விரிசல் கண்டது. விலைவாசி எகிறிய 2022 டிசம்பரில் ராயல் செவிலியர் கல்லூரி இங்கிலாந்தில் முதன்முறையாக வேலைநிறுத்தம் செய்தது. 2024 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி 121 இடங்களுக்குச் சுருங்கியது. தோல்விக்குப் பல காரணங்கள் இருந்தாலும் பொதுச்சேவைகளின் நிலை அவற்றுள் முக்கியமானது.

அமெரிக்க ஒப்பீடு

அமெரிக்காவிலும் 1980 அதிபர் தேர்தலில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சங்கமான பாட்கோ, குடியரசுக் கட்சி வேட்பாளர் ரொனால்ட் ரீகனை ஆதரித்தது. பழைய கருவிகளையும் ஆள் பற்றாக்குறையையும் சரிசெய்யப் பாடுபடுவதாக ரீகன் சங்கத் தலைவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். 1981 ஆகஸ்ட் 3 அன்று அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும், 48 மணி நேரம் கெடு விதித்த ரீகன், திரும்பாத 11,000க்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கம் செய்தார். 2011இல் அதே கட்சியைச் சேர்ந்த விஸ்கான்சின் மாநில ஆளுநர் ஸ்காட் வாக்கர், அரசு ஊழியரின் கூட்டுப் பேர உரிமையைக் குறுக்கிய சட்டத்தில் காவலருக்கும் தீயணைப்பு வீரருக்கும் விலக்கு அளித்தார். பொதுத்துறை ஒன்றல்ல என்பதை இரு நாட்டு அரசியல்வாதிகளும் நன்கு அறிந்திருந்தனர்.

ஆய்வாளர் பார்வைகள்

ராபர்ட் மெக்கென்சியும் ஆலன் சில்வரும் 1968இல் வெளியிட்ட நூலில், உழைக்கும் வர்க்கத்தின் கன்சர்வேட்டிவ் வாக்குக்கு மேட்டுக்குடித் தலைமைமீதான மரியாதை ஒரு காரணம் என்றும், நடைமுறைக் கணக்கு இன்னொரு காரணம் என்றும் பிரித்துக் காட்டினர். பாட்ரிக் டன்லெவி, பழைய வர்க்கக் கோட்டைத் தாண்டி, அரசுத் துறையா தனியார் துறையா, வாடகை வீடா சொந்த வீடா என்ற கோடுகள் வாக்காளரைப் பிரிக்கின்றன என்றார். ஆண்டனி ஹீத், ரோஜர் ஜோவெல், ஜான் கர்டிஸ் ஆகியோர் 1985இல், வர்க்கத்தின் பிடி இன்னும் தளரவில்லை என்று வாதிட்டனர். சேர்த்துப் படித்தால், வேலை செய்யும் துறை வாக்கை ஒரு பக்கம் சாய்க்கிறது, ஆனால் பூட்டிவைப்பதில்லை என்பது தெரியும்.

முக்கியத்துவம்

பொதுத்துறை ஊழியரைத் தங்கள் சொத்தாக நினைத்த கட்சியும், அவர்களைச் செலவுக் கணக்காக நினைத்த கட்சியும் அதற்கான விலையைக் கொடுத்திருக்கின்றன. 1979இல் தொழிலாளர் கட்சி கொடுத்தது. 2024இல் கன்சர்வேட்டிவ் கட்சி கொடுத்தது. சம்பளச் சீட்டு மட்டும் ஒருவரின் வாக்கை எழுதிவிடுவதில்லை. வீட்டுப் பத்திரமும், பணியின் பெருமையும், ஊரின் கவலையும் அவரோடு வாக்குச்சாவடிக்குள் நுழைகின்றன. நோயாளிக்கு மருந்து தந்துவிட்டு வாக்களிக்க வரும் செவிலியரின் முடிவைத் துரோகம் என்றோ அறியாமை என்றோ ஒதுக்குவது, அவருடைய குடியுரிமையையே மறுப்பதாகும்.