இரண்டாம் தொலைபேசியின் விலை

அலுவலகம் செல்லாமல் வீட்டிலிருந்தே பணி செய்வது அண்மையில் தோன்றிய வழக்கம் என்று நீங்கள் எண்ணலாம். உண்மையில் அதற்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. 1973ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ஜாக் நில்ஸ், பணியாளர் நாள்தோறும் நெடுந்தொலைவு பயணம் செய்வதை விட, பணியைத் தொலைபேசிக் கம்பி வழியே அவர் இருக்குமிடத்துக்கு அனுப்புவது மேல் என்ற கருத்தை ஆராயத் தொடங்கினார். அவ்வாண்டு அக்டோபரில் எழுந்த எண்ணெய் நெருக்கடி இக்கருத்துக்கு வலுவூட்டியது. ஆனால் கணிப்பொறி பரவலாக வீடுகளுக்குள் நுழைந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு!

அந்த ஓர் இணைப்பைப் பேச்சும் கணிப்பொறியும் பகிர்ந்துகொள்ள முடியாதா? முடியவில்லை. காரணம் இதுதான். மனிதப் பேச்சு புரிவதற்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் போதும். எனவே தொலைபேசி அமைப்பு அந்த அளவுக்கே வடிவமைக்கப்பட்டது. மோடம் என்னும் கருவி கணிப்பொறியின் செய்திகளை இதே எல்லைக்குள் அடங்கும் ஒலிகளாக மாற்றி அனுப்பியது. ஆகவே மோடம் இயங்கும் வரை தொலைபேசியில் பேச இயலாது. வீட்டிலிருந்து பணி செய்வோர் 1990களில் இரண்டாவது இணைப்பை நாடியதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

இதற்கு ஆன செலவு எத்தகையது? செம்புக் கம்பியின் விலை என்று நினைத்துவிடாதீர்கள். பல அமெரிக்க வீடுகளின் சுவருக்குள் நான்கு கம்பிகள் முன்பே இருந்தன. பச்சையும் சிவப்பும் முதல் இணைப்புக்கு. கறுப்பும் மஞ்சளும் வேலையற்றுக் கிடந்தன. தெருக் கம்பிவடத்திலும் உபரி இணை இருந்தால், அவற்றை இணைத்துவிடுவதே வேலை. உபரி இணை இல்லாத இடங்களில், ஒரே இணையில் இரு பேச்சுகளைச் செலுத்தும் எண்முறைக் கருவியைப் பொருத்தினர். பேச்சுக்கு அது போதும். ஆனால் சைகையைக் கூடுதலாக ஒரு முறை எண்முறைக்கு மாற்ற நேர்ந்ததால், நொடிக்கு 56,000 பிட் வேக மோடம் அங்கே தன் முழு வேகத்தில் இயங்கவில்லை.

உண்மையான சுமை மாதக் கட்டணத்தில் இருந்தது. 1998 ஜனவரி முதல் நாள் தொட்டு, வழக்கமான வாடகையுடன் சேரும் கூட்டரசு இணைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பு, முதல் இணைப்புக்கு 3.50 டாலராகவே நீடித்தது. கூடுதல் இணைப்புக்கோ 5 டாலராக உயர்ந்தது. இந்த வேறுபாடு மட்டும் ஆண்டுக்கு 18 டாலர் வரை ஆகும். எல்லா வீட்டுக்கும் தொலைபேசி கிடைக்க வேண்டும் என்பதற்காக முதல் இணைப்பின் கட்டணம் குறைவாக வைக்கப்பட்டது. இரண்டாவதோ கூடுதல் வசதியாகக் கருதப்பட்டது. பொழுதுபோக்குக்காக அதை வைத்திருந்தவருக்கு இது பொருந்தலாம். அதைக் கொண்டே பிழைப்பு நடத்தியவருக்கு? கட்டண விதி இவ்விருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

விடை இயற்பியலில் இருந்தது. 3,400 ஹெர்ட்ஸ் என்பது செம்பின் எல்லையன்று. தொலைபேசி நிலையக் கருவிகளின் எல்லை. அதே கம்பி இணை 10 இலட்சம் ஹெர்ட்சுக்கும் மேற்பட்ட சைகைகளைச் சில கிலோமீட்டர் தொலைவுக்குக் கடத்த வல்லது. 1980களின் இறுதியில் பெல்கோர் நிறுவனத்தின் ஜோசப் லெக்லைடர், வீட்டுக்கு வரும் செய்திக்கு அகன்ற பாதையும் வீட்டிலிருந்து செல்லும் செய்திக்குக் குறுகிய பாதையும் ஒதுக்கலாம் என்றார். இதுவே ஏ.டி.எஸ்.எல். முறைக்கு அடிப்படை. பேச்சு 4,000 ஹெர்ட்சுக்குக் கீழே. கணிப்பொறிச் செய்தி 25,000 ஹெர்ட்சுக்கு மேலே. ஒரு சிறு வடிப்பான் இரண்டையும் பிரித்துவிடும். நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்ந்தோருக்கு மட்டும் இந்த வாய்ப்பு எட்டவில்லை. உயர் அதிர்வெண் சைகைகள் தொலைவு கூடக் கூட விரைந்து நலிவடைவதே காரணம்.

2000க்குப் பின் இரண்டாம் இணைப்புகள் குறையத் தொடங்கின. வேண்டிய பாதை முதல் கம்பியிலேயே ஒளிந்திருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்! ஆனால் வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கான இணைப்புச் செலவை ஏற்க வேண்டியவர் பணியாளரா, பணி தருபவரா? இந்தக் கேள்விக்கு எந்த வடிப்பானும் விடை தராது. அதை மனிதர்கள்தாம் பேசித் தீர்க்க வேண்டும்.