2147483647: கணினிக் கடிகாரங்கள் முட்டி நிற்கும் எண்

அண்மையில் எனது பழைய கைத்தொலைபேசியின் திகதியை முன்னோக்கி நகர்த்திப் பார்த்தேன். 2037ஆம் ஆண்டுக்கு அப்பால் அது போக மறுத்தது. பழுது என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தபோது, இவ்வாறான தடைகளுக்குப் பின்னால் இருப்பது 2147483647 என்ற எண் எனத் தெரிந்தது.

214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647. 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, 1ஐக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். இரும முறையில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள்.

இது ஒரு முதன்மை எண். 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும். பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் இதைத் தனது முதன்மை எண் பட்டியலில் சேர்த்தார், ஆனால் நிறுவவில்லை. நிறுவியவர் ஒய்லர். கடிதமொன்றில் அதை அறிவித்தார். அப்போது அவர் ஏறக்குறைய முழுமையாகப் பார்வை இழந்திருந்தார்.

ஓர் எண் முதன்மை எண்ணா என்று அறிய அதன் வர்க்கமூலம் வரை சோதித்தால் போதும். இங்கே அது 46,340ஐச் சற்றுத் தாண்டுகிறது. இந்த எண்ணுக்கு வகுத்தி இருந்தால், அந்த வகுத்தியை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகவே இருக்க வேண்டும் என்பது ஒய்லர் கண்ட வழி. அதனால் சோதிக்க வேண்டியவை சுமார் 370 எண்களாகச் சுருங்கின. எதுவும் வகுக்கவில்லை.

இதிலிருந்து 2305843008139952128 என்ற நிறைவெண்ணும் கிடைக்கிறது. 6 = 1 + 2 + 3 என்பதுபோல, தன்னைத் தவிர்ந்த தனது வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்ணே நிறைவெண். இதைவிடப் பெரிய நிறைவெண்ணை எவரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று 1811இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பார்லோ எழுதினார். 1876இல் லூக்கா 39 இலக்க முதன்மை எண்ணொன்றை நிறுவியதும் அதிலிருந்து இன்னும் பெரிய நிறைவெண் கிடைத்தது. 2024இல் கண்டறியப்பட்ட முதன்மை எண்ணுக்கு 4 கோடிக்கும் அதிகமான இலக்கங்கள் உள்ளன.

இதே தவறான கணிப்பைக் கணினித் துறையும் செய்தது. பல கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த செக்கன்களை எண்ணியே நேரத்தை அறிகின்றன. 32 பிட் இடத்தில் ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விட, மிஞ்சுவது 31. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. இலங்கை நேரப்படி 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை காலை 8:44:07க்கு அந்த எண்ணிக்கை நிரம்பிவிடும். அடுத்த செக்கனில் திருத்தப்படாத கடிகாரங்கள் 1901 டிசம்பருக்குத் திரும்பக்கூடும்.

தீர்வு தெரிந்ததுதான். 64 பிட்டுக்கு மாறினால் பல்லாயிரம் கோடி ஆண்டுகளுக்குக் கவலையில்லை. புதிய கணினிகள் பெரும்பாலும் மாறிவிட்டன. ஆனால் ஒருமுறை பொருத்தியபின் எவரும் திறந்து பார்க்காத கட்டுப்பாட்டுக் கருவிகளும் பழைய மென்பொருள்களும் எஞ்சியுள்ளன. 2038 வரை காத்திருக்கவும் முடியாது. இன்று எடுக்கும் 15 வருடக் கடனின் கடைசித் தவணைத் திகதியே அந்த எல்லையைத் தாண்டுகிறது. எனது கைத்தொலைபேசியை மாற்றிவிடலாம். நிறுவனங்கள் தமது பழைய கணினி முறைமைகளை இப்போதே சோதித்துப் பார்ப்பது நல்லது.