கப்பலின் மேல்தளம்



1988-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் போன வாரம் வெளிநாட்டிலிருந்து போன் செய்தான். "சார், குடும்பத்தோட கங்கா விலாஸ் கப்பல்ல போலாம்னு இருக்கோம். நீங்களும் வாங்க, செலவு என்னோடது" என்றான். மனம் நெகிழ்ந்துவிட்டது. கடலே இல்லாத சின்னசேலத்தில் கப்பல் பாடம் நடத்தியவன் நான். ஆனாலும் பதில் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

கங்கா விலாஸ் 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியில் புறப்பட்ட ஆற்றுக் கப்பல். வங்கதேசம் வழியாக அசாமின் திப்ரூகர் வரை 3,200 கி.மீ., 51 நாள் பயணம். நீளம் 62 மீட்டர், 18 அறைகள், பயணிகள் 36 பேர்தான். முதல் பயணத்தில் சென்றவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 25,000 ரூபாய்க்குக் குறையாது என்று அப்போது செய்தி வந்தது.

சின்னக் கப்பலுக்கு ஏன் இவ்வளவு விலை? பெரிய கப்பல் நுழைய முடியாத இடத்துக்கு இது போகும். கூட்டம் இருக்காது. லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் 1966-இல் சுற்றுலாப் பயணிகளை அண்டார்டிகாவுக்கே அழைத்துப் போனார். அதன்பின் இந்த வகைப் பயணம் உலகெங்கும் வளர்ந்தது. கப்பலைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, சிறு படகில் கரைக்குப் போவதுதான் இதில் பெரிய சுவை என்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்குச் சின்னத் தாத்தா நினைவு வந்துவிட்டது.

என் தாத்தாவின் தம்பி அவர். 1937-இல் சின்னசேலத்தில் ரயிலேறி, விருத்தாசலம் வழியாக நாகப்பட்டினம் போய், மலேயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறினார். அந்தக் காலத்தில் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல்களில் பேர் பெற்றது 'ரஜுலா'. 1926-இல் கட்டியது. ஏறக்குறைய 145 மீட்டர் நீளம். அதில் 5,000 பேருக்கு மேல் மேல்தளப் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கங்கா விலாஸைப்போல் இரண்டரை மடங்கு நீளம்கூட இல்லை, ஆட்களோ 140 மடங்கு!

நாகையில் பெரிய கப்பல் கரைக்கு வராது. அலையில் ஆடும் படகில் போய்த்தான் ஏற வேண்டும். கையில் தகரப்பெட்டி, சுருட்டிய பாய். ஒரு வாரம் வெயிலும் உப்புக் காற்றும் வாந்தியும். இன்று பணம் கொடுத்து அனுபவிக்கும் அதே மேல்தளம், அதே படகு!

தாத்தா வீட்டுக்கு மாதாமாதம் கடிதம் வரும். 1942-இல் ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்தான். கடிதம் நின்றது. போர் முடிந்தும் வரவில்லை. அவருடைய தாயார் சாகும்வரை தினமும் ஒரு பிடி அரிசி கூடவே போட்டு வடித்தார் என்று என் அம்மா சொல்லுவார்.

வசதியாகப் பயணம் போவது தப்பில்லை. என் பிள்ளைகள் அந்த நிலைக்கு வந்ததில் எனக்குப் பெருமைதான். அவனிடம் "வரேன்டா" என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை: அதற்கு முன்னால் ஒரு நாள் என்னை நாகப்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போக வேண்டும்.

உங்கள் வீட்டிலும் அப்படிக் கப்பலேறிப் போனவர் இருந்தால், அவர் பெயரையும் ஊரையும் கீழே எழுதுங்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்